அடுக்கியை எழுதியவள்

பெங்களூர்
6 ஜனவரி 2026

ஆலியா,

என் நம்பரை நீ பிளாக் செய்து ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆகிறது. மெயிலை விட்டுவைத்திருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். தமிழிலேயே எழுதுகிறேன். காலேஜில் நாம் போட்ட ஒப்பந்தம் அதுதானே. நாம் எழுதிய மென்பொருள் லைப்ரரி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, நமக்குள் எழுதுவதெல்லாம் தமிழில், முழு வாக்கியத்தில். எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ‘மகால்’ லைப்ரரியை லினக்ஸ் பேக்கேஜாகச் சேர்க்க விண்ணப்பித்திருக்கிறேன். சேர்ந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். பழைய ஃபாண்ட்டில் அடித்த கோப்புகள் எத்தனை ஆபீஸில் கிறுக்கலாகக் கிடக்கின்றன என்று உனக்கே தெரியும். அதெல்லாம் படிக்கிற தமிழாகும். இங்கே என் வேலையை நிரந்தரம் செய்வதையும் இதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சரிபார்க்கிறவர் பொன்னுசாமி என்ற தன்னார்வலர், கோயம்புத்தூர்க்காரர். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். மகாலுக்குள் ஒன்பதாயிரம் வரி அட்டவணை இருக்கிறதல்லவா, எந்த ஃபாண்ட்டில் எந்தக் குறி எந்த எழுத்து என்று? “இதைக் கையால் யாரும் அடித்திருக்க முடியாது. இதை உருவாக்கிய புரோகிராம் எங்கே? எழுதியது யார்? அவருடைய எழுத்துப்பூர்வமான அனுமதி எங்கே?” என்று கேட்கிறார். மெஷின் செய்த கோப்பு தனியாக வரக்கூடாது, அதைச் செய்ததும் கூடவே வரவேண்டும் என்பது அவர்கள் விதி.

அந்த புரோகிராம் ‘அடுக்கி’. அது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பிப்ரவரி 15 ஃப்ரீஸ். அதற்குப் பிறகு புதிதாக எதையும் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த வாய்ப்புக்கு இரண்டு வருடம்.

இருக்கிறதா உன்னிடம்?

ஷோபனா


செஞ்சி
9 ஜனவரி 2026

ஷோபனா,

மெயிலையும் பிளாக் செய்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

இருக்கிறது. அத்தா செகண்ட் ஹேண்டில் வாங்கித் தந்த அதே லேப்டாப்பில், அதே ஃபோல்டரில் இருக்கிறது. மூடி உடைந்துவிட்டது, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுக்கி எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காந்தி பஜாரில் கலியபெருமாள் அண்ணன் அச்சகம். ஏப்ரல், மே இரண்டு மாசம். ஃபேன் கிடையாது, மெஷின் சூடு வேறு. பதினோரு ஃபாண்ட்டில் அவர் அடித்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து லிஸ்ட் எழுதினேன். “பாய் வூட்டுப் பொண்ணு எந்நேரமும் இங்கயே கீது, இன்னா சமாச்சாரம்?” என்று பக்கத்துக் கடைக்காரன் கேட்டான். அதையும் வாங்கிக்கொண்டேன். நீ இரண்டு நாள் வந்தாய். இரண்டு நாளும் சமோசா தின்றாய்.

நீ இன்டர்வியூவில் சொன்னதெல்லாம் என் வாயிலிருந்து வந்த வாக்கியங்கள். நானே உனக்கு மனப்பாடம் செய்வித்தேன். நம் இரண்டு பேருக்கும் பெங்களூரில் வேலை கிடைத்தது. அத்தா சம்மதித்தார். ஷோபனா கூட இருக்கிறாள் என்பதால் மட்டும்தான் சம்மதித்தார். நீயும் உங்க நைனாவும் போய் ரூம் பார்த்தீர்கள். வீட்டுக்காரன் இரண்டு பெண்களின் பெயரையும் கேட்டான். ஒரு பெயரைக் கேட்டதும் “ஒருத்தருக்குன்னா தர்றேன்” என்றான். நீ அந்த ரூமையே எடுத்துக்கொண்டாய். எனக்கு போனில் “வேற ரூம் பாக்கறோம்டி” என்று பதினைந்து நாள் சொன்னாய். பதினாறாம் நாள் அத்தா அந்த வேலை லெட்டரை மடித்து பீரோவில் வைத்தார்.

அதற்கப்புறம் மகாலை நீ இணையத்தில் போட்டாய். எழுதியவர்: ஷோபனா தங்கராஜ். அவ்வளவுதான்.

ஆன்லைனில் நாலு இன்டர்வியூ பார்த்தேன். “நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?” மகால் என்றேன். அவர்கள் அங்கேயே பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். நாலாவது ஆள் சிரித்தான். பொய் சொல்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

இப்போது தாலுகா ஆபீஸ் எதிரே இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று அனந்தபுரத்து அம்மா ஒருத்தர் சாதிச் சான்றிதழுக்காக மூன்றாம் நாளாக வந்தார். சர்வர் இல்லை. “இன்னாமா, உன் கம்ப்யூட்டரு எங்க ஜனத்துக்கு மட்டும் தூங்குது?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. உனக்கு இருக்கிறது: தரமாட்டேன்.

ஆலியா


அவலூர்பேட்டை
15 ஜனவரி 2026

ஆலியா,

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். நேற்று திருவண்ணாமலையிலேயே பஸ் மாறியிருக்கலாம். மாறாமல் செஞ்சிக்கு வந்து, உன் மையத்தின் முன்னால் நின்றேன். பூட்டியிருந்தது. கதவில் நீ ஒட்டிய ‘சர்வர் பழுது’ காகிதம். உன் கையெழுத்து மாறவே இல்லை. பொறாமைப்பட வைக்கிற கையெழுத்து. கூட்டுரோட்டில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ரூம் விஷயம் எல்லாம் உண்மை. நைனா சொன்னார்: “நாம ஒண்டியா போயி ஊரைத் திருத்த முடியுமா? நீ வேலையப் பாரு.” நான் தலையாட்டினேன். அந்த ரூமில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் காலியாகவே இருந்தது. அதில் துணி போட்டு வைத்திருந்தேன்.

பெயர் விஷயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். மகாலின் பக்கத்தில் நன்றிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் முதல் ஆளாக உன்னைப் போடுகிறேன். அடுக்கிக்கு அனுமதி கொடுத்து ஒரு வரி எழுதி அனுப்பு. பொன்னுசாமிக்கு அது போதும்.

இரண்டு வருடம் கழித்து இதே வேலையில் நான் இருப்பேனா என்றே தெரியாது. போய்விட்டால் நைனா என்னை இந்த வாசலைத் தாண்டவிடமாட்டார். மாப்பிள்ளை ஜாதகம் இப்போதே டீவி மேல் இருக்கிறது.

ஷோபனா


செஞ்சி
19 ஜனவரி 2026

ஷோபனா,

அந்த நன்றிப் பட்டியலைப் படித்தேன். அதில் ஏற்கனவே உங்க நைனா இருக்கிறார், வீட்டில் இன்டர்நெட் கொடுத்ததற்காக. காலேஜில் புரொஜெக்டர் தந்த லேப் உதவியாளர் சுந்தரமூர்த்தி இருக்கிறார். அவர்களுக்கு மேலே என்னை உட்கார வைக்கிறாயாம். ரொம்பப் பெரிய மனசு.

நன்றி எனக்கு வேண்டாம். உன்மேல் எனக்கு இருப்பது பொறாமை, அதைச் சொல்ல வெட்கமில்லை. நீ போகிற பஸ், நீ போடுகிற ஐடி கார்டு, நீ தனியாகச் சாப்பிடுகிற தோசை, எல்லாவற்றின் மேலும். ஜாதகம் டீவி மேல் இருக்கிறதென்று எனக்கே எழுதுகிறாய். இங்கே ரம்ஜான் முடிந்ததும் பேச்சை முடித்துவிடலாம் என்கிறார் அம்மா. கையில் ஒரு வேலை இருந்தால் தள்ளிப் போடலாம் என்கிறார் அத்தா. வேலைக்கு என்னிடம் காட்ட இருப்பது மகால் ஒன்றுதான், அதில் என் பெயர் இல்லை. புரிகிறதா?

அதனால் தருகிறேன், ஒரே நிபந்தனையோடு. அடுக்கியும் பதினோரு லிஸ்ட்டும் இணைத்திருக்கிறேன். பொன்னுசாமிக்குக் காட்டவேண்டிய வரிகள் இவை:

“அடுக்கியையும் அதோடு வரும் எழுத்துப் பட்டியல்களையும் எழுதியது செஞ்சி, சைபுதீன் மகள் ஆலியா ஆகிய நான். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். எழுதியவள் பெயரை மட்டும் எடுக்கக்கூடாது.”

ஆசிரியர் என்று போடு. நன்றி என்று போடாதே.

ஆலியா


பெங்களூர்
3 பிப்ரவரி 2026

ஆலியா,

மகாலைப் பேக்கேஜாகக் கட்டப் பதினாலு முறை பில்ட் செய்துவிட்டேன். பதினாலும் தோல்வி.

என் பழைய லேப்டாப்பில் ஓடுகிறது, அவர்களுடைய சுத்தமான மெஷினில் ஓடவில்லை. அந்த மெஷினில் முன்பே எதுவும் இருக்காது. இன்னின்னது வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த டிபெண்டன்சிகளை மட்டும் புதிதாக இறக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டு, அதன் பிறகுதான் பில்ட் செய்யும். எதை எழுத மறந்தேன் என்று தெரியவில்லை. எல்லாமே இறங்குகிறது. அடுக்கி ஓடுகிறது, அட்டவணையும் வருகிறது, ஒன்பதாயிரம் வரியும் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆனால் சோதனைக்கு நாம் வைத்த இருநூற்றுப் பன்னிரண்டு கல்யாணப் பத்திரிகைகளில் முதலில் இருக்கிற சுந்தராம்பாள் பத்திரிகையே உடைகிறது. சுந்தராம்பாள் கல்யாணம் பதினாலு முறை நின்றுபோயிருக்கிறது. முகூர்த்தமே வைக்கமுடியவில்லை.

ஆபீஸில் என் மேலதிகாரி மகாலட்சுமி மேடம் கேட்டார்: “நீதானே எழுதின? உனக்கே தெரியலையா?” எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “கூட ஒருத்தி எழுதினா” என்றேன். இத்தனை நாளில் முதல் முறையாகச் சொன்னேன். நல்ல எண்ணத்தில் சொல்லவில்லை, பழியைப் பங்கு போடச் சொன்னேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மகாலை இணையத்தில் போட்ட அன்று ஆசிரியர் இடத்தில் உன் பெயரை முதலில் அடித்தேன். அடித்துவிட்டு அழித்தேன். மறந்ததாக நீ நினைத்திருந்தால், இல்லை. காலேஜில் எல்லாரும் அதை ‘ஆலியாவோட சாஃப்ட்வேர்’ என்றுதான் சொன்னார்கள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். செமினாரில் நான் பேசி முடித்ததும் சார் உன்னைப் பார்த்து “குட்” என்றார். என்னை ஒரு ஊரில், ஒரு இடத்தில், நீ இல்லாமல் பார்க்க ஆசைப்பட்டேன்.

இன்னும் பன்னிரண்டு நாள். எங்கே தப்பு என்று உனக்குத் தெரிந்தால் சொல்.

ஷோபனா


செஞ்சி
6 பிப்ரவரி 2026

ஷோபனா,

தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

அடுக்கி, லிஸ்ட்டுகளைப் படிக்க ஒரு சின்ன லைப்ரரியை உபயோகிக்கிறது, வேறு யாரோ எழுதியது. அதன் பழைய வெர்ஷன் நான் எழுதிய வரிசையிலேயே வரிகளைத் திருப்பித் தரும். போன வருடம் வந்த புதிய வெர்ஷன் அகர வரிசைப்படி மாற்றித் தருகிறது. நமக்கு நீளமான குறிகள் முதலில் வரவேண்டும். குட்டைக் குறி முந்திக்கொண்டால் நீளமானதின் பாதியைத் தின்றுவிடும். அதனால்தான் வரிகள் அத்தனையும் இருந்தும் சுந்தராம்பாளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் லேப்டாப்பில் அந்த ஒன்றை மட்டும் அப்டேட் ஆகாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். உன் பழைய லேப்டாப்பிலும் காலேஜிலேயே நான்தான் நிறுத்தினேன். நீ கவனிக்கவில்லை. சுத்தமான மெஷின் புதியதை இறக்குகிறது.

இதை 19ஆம் தேதி மெயிலில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே சொல்லவில்லை. நீ திணறவேண்டும் என்று இருந்தது. பில்டில் நடந்ததைப் பதிகிற லாக் எல்லாரும் பார்க்கிற இடத்தில்தானே இருக்கிறது. தினமும் மதியம், மையத்தில் கூட்டம் குறைந்ததும், தோற்றதா என்று போய்ப் பார்ப்பேன். சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள அது போதும்.

நேற்று பதினாலாவது லாகை மேலிருந்து படித்தேன். அதுவரை கடைசியில் இருக்கிற சிவப்பு வரியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ‘ஆசிரியர்கள்: ஆலியா சைபுதீன், ஷோபனா தங்கராஜ்’ என்று இருந்தது. முதல் லாகுக்குப் போனேன். அதிலும் இருந்தது. ஜனவரி 20ஆம் தேதியே போட்டிருக்கிறாய். பதினாலு முறை என் பெயர் வந்திருக்கிறது, பதினாலு முறையும் கீழே ‘தோல்வி’ என்று. நான் உனக்குச் செய்ததாக நினைத்தது என் பெயருக்கு நானே செய்தது.

பழைய வெர்ஷனைத் தேடாதே, அதை அவர்கள் எடுத்துவிட்டார்கள். அடுக்கி யாரையும் நம்பாமல் தானே நீளத்தைப் பார்த்து வரிசைப்படுத்த மூன்று வரி எழுதி இணைத்திருக்கிறேன். இங்கே புதிய வெர்ஷன் போட்டு ஓட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு கல்யாணமும் நடந்தது.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நீ அந்தக் கட்டிலில் துணி போட்டாய், நான் ஒரு வரியை விழுங்கினேன்.

ஆலியா


பெங்களூர்
17 பிப்ரவரி 2026

ஆலியா,

12ஆம் தேதி பில்ட் ஜெயித்தது. 14ஆம் தேதி, ஃப்ரீஸுக்கு ஒரு நாள் முன்னால், பேக்கேஜ் உள்ளே போய்விட்டது. எனக்கு வேலை நிரந்தரம். மகாலட்சுமி மேடம் கேக் வெட்டினார். உன் மூன்று வரியைப் பார்த்துவிட்டு “இது யாரு எழுதினது, சுத்தமா இருக்கே” என்றார். என் கேக்கை அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன்.

பதினாலு முறை என்னைக் கொன்றிருக்கிறாய். கோபம் வரவேண்டும். உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்கமாட்டேன் என்பதால் வரவில்லை.

வேறொன்றும் இல்லை. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

ஷோபனா


செஞ்சி
14 மார்ச் 2026

ஷோபனா,

நோன்பு நாள். மதியம் மையத்தில் சாப்பிடுகிற வேலை இல்லாததால் நேரம் இருந்தது. என் லேப்டாப்பில் மகாலை இறக்கினேன், எல்லாரும் இறக்குகிற மாதிரி, ஒரே கட்டளையில். என் ஃபோல்டரிலிருந்து காப்பி செய்யவில்லை. வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவாகவே வந்தது.

அனந்தபுரத்து அம்மா மறுபடி வந்திருந்தார், பெயர் கலைவாணி. சான்றிதழ் வாங்கிவிட்டார். இப்போது பாகப்பிரிவினை தகராறு. பத்து வருடம் முன்னால் பத்திரம் எழுதுகிறவர் அடித்துத் தந்த கோப்பு பென்டிரைவில் இருந்தது. திறந்தால் கிறுக்கல். மகாலில் போட்டேன். அவர் நிலத்தின் நாலு எல்லையும் வரிசையாகத் தமிழில் வந்தது. படித்துக் காட்டினேன். “இது நீ எழுதுன கம்ப்யூட்டரா?” என்றார். “ஆமாம்மா” என்றேன். “அதுல உன் பேரு கீதா, இல்லியா?” என்றார். இந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. “காட்டறேன் பாருங்க” என்று ஆசிரியர் கோப்பைத் திறந்தேன்.

பெயர் என்னுடையது. பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற மெயில் முகவரி உன்னுடையது.

பழைய லாகுகளில் முகவரி தெரியாது, பெயர் மட்டும்தான் வரும். அதனால் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. உன் பெயருக்குப் பக்கத்திலும் உன் முகவரி, என் பெயருக்குப் பக்கத்திலும் உன் முகவரி. ஆலியாவுக்கு எழுதுகிறவர்கள் எல்லாம் ஷோபனாவுக்குத்தான் எழுதுவார்கள்.

ஒரே கேள்வி. யாராவது எனக்கு எழுதினார்களா?

ஆலியா


பெங்களூர்
15 மார்ச் 2026

ஆலியா,

எழுதினார். பொன்னுசாமி. பிப்ரவரி 16ஆம் தேதி. கீழே அப்படியே தருகிறேன்.

“அடுக்கி எழுதிய ஆலியா அவர்களுக்கு, வணக்கம். பத்து வருடமாகப் பேக்கேஜ்களைச் சரிபார்க்கிறேன். ஆறு பேர் முயன்று விட்ட வேலையை நூற்று நாற்பது வரியில் முடித்திருக்கிறீர்கள். இந்திய மொழிகளுக்கான ஆறு மாத வேலைத் திட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். சம்பளம் உண்டு. உங்களைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். விண்ணப்பம் மார்ச் 10க்குள் போகவேண்டும். ஆர்வம் இருந்தால் பதில் போடுங்கள்.”

அதற்கு மறுநாள்தான் உனக்கு ‘வேறொன்றும் இல்லை’ என்று எழுதினேன்.

மார்ச் 2ஆம் தேதி மறுபடியும் எழுதினார், “ஆலியா, பதில் இல்லையே” என்று. அதையும் படித்தேன். மார்ச் 9 சாயங்காலம் உனக்கு அனுப்ப மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. பஸ்ஸின் மேல் பழி போடவில்லை. அது தினமும் வருகிறது.

ஜனவரியில் அந்த வரியை அடிக்கும்போது கெட்ட எண்ணம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். படிவத்தில் முகவரி கட்டாயம். உன் முகவரி எனக்கு மனப்பாடம். என் விரல் என்னுடையதை அடித்தது. பார்த்தேன். இருக்கட்டும் என்று விட்டேன். ஒரு பாதியைக் கொடுத்தாயிற்றே என்று தோன்றியது.

கடிதம் வந்தபோது அதில் எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை, ஆலியா. மகால் என்ற சொல்கூட இல்லை. நான் அந்த பேக்கேஜுக்காக ஒரு மாதம் தூங்கவில்லை. டிபெண்டன்சி எல்லாம் தேடி எழுதியது நான், பொன்னுசாமியிடம் இருபது முறை திட்டு வாங்கியது நான். உன் நூற்று நாற்பது வரியை அவர் மறக்கவில்லை.

திட்டு. பிளாக் செய். என்ன வேண்டுமானாலும் செய்.

ஷோபனா


செஞ்சி
16 மார்ச் 2026

ஷோபனா,

திட்டமாட்டேன். திட்டினால் உனக்கு லேசாகிவிடும்.

அன்று ஒரு வீட்டுக்காரன் என் பெயரைக் கேட்டுக் கதவைச் சாத்தினான். அவனுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ என் பெயரைக் கொடுத்துவிட்டுக் கதவை உன் வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டாய். வீட்டிலிருந்தே செய்கிற வேலை, ஷோபனா. ரூம் தேவையில்லை, அத்தா சம்மதம் தேவையில்லை, எந்த வீட்டுக்காரனும் தேவையில்லை. இதே செஞ்சியில், இதே உடைந்த லேப்டாப்பில். ஆறு நாள் தாண்டிவிட்டது.

நேற்று நோன்பு திறந்த பிறகு ஒரு வேலை செய்தேன். மகால் பேக்கேஜின் மேல் ஒரு பிழை அறிக்கை பதிந்திருக்கிறேன், எல்லாரும் பார்க்கிற இடத்தில். தலைப்பு: ‘ஆசிரியரின் முகவரி தவறு. அவருக்கு எழுதுவது அவருக்குப் போய்ச் சேரவில்லை.’ தீவிரம்: கடுமையானது. ஃப்ரீஸுக்குப் பிறகு கடுமையான பிழைக்கு மட்டும்தான் கதவு திறப்பார்கள் என்று அவர்கள் விதியில் படித்தேன். ‘சாதாரணம்’ என்று குறைக்க உனக்கு அதிகாரம் இருக்கிறது, பேக்கேஜ் உன் பொறுப்பில்தான் இருக்கிறது. குறைத்தால் இரண்டு வருடத்துக்கு அந்த வரி அப்படியே இருக்கும்.

திருத்தத்தையும் இணைத்திருக்கிறேன். ஒரே வரி. உன் முகவரி போகிறது, என் முகவரி வருகிறது.

பிழையை மூடும்போது ‘காரணம்’ என்ற இடத்தில் ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும். காலியாக விட்டால் அது ஏற்காது. அங்கே என்ன எழுதுவாய் என்று பார்க்கவேண்டும். பொன்னுசாமியும் பார்ப்பார்.

ஆலியா


பெங்களூர்
17 மார்ச் 2026

ஆலியா,

தீவிரத்தைக் குறைக்கவில்லை. திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன். பில்ட் முதல் முறையிலேயே ஜெயித்தது. ‘காரணம்’ இடத்தில் முதலில் ‘தட்டச்சுப் பிழை’ என்று அடித்தேன். ஒரு காலத்தில் உன் பெயரை அழித்த அதே விசையால் அதை அழித்தேன். இப்போது அங்கே இருப்பது இது:

“காரணம்: இது தவறுதலாக நேர்ந்தது அல்ல. ஆசிரியர் ஆலியாவின் பெயருக்கு என் முகவரியைத் தெரிந்தே விட்டுவைத்தேன். அவருக்கு வந்த இரண்டு கடிதங்களை நான் படித்து, அவருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். விண்ணப்பம் தாமதமானதற்கு அவர் பொறுப்பல்ல. — ஷோபனா தங்கராஜ்.”

மகாலட்சுமி மேடம் படித்துவிட்டார். நாளைக் காலை கூப்பிட்டிருக்கிறார். நிரந்தரம் என்று கொடுத்ததைத் திரும்ப வாங்குவார்களா, தெரியவில்லை. நைனாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அதே வரிகளைத் திட்டக்காரர்களுக்கும் அனுப்பி, உன் விண்ணப்பத்தை இப்போதாவது எடுப்பார்களா என்று கேட்டிருக்கிறேன். எடுப்பார்களோ, மாட்டார்களோ. பதிலை எனக்கு அனுப்பவேண்டாம், உன் முகவரிக்கே அனுப்புங்கள் என்று எழுதிவிட்டேன்.

அதனால் என்ன பதில் வந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. நீ சொல்லவும் வேண்டாம். இன்று காலையிலிருந்து நாற்பது முறை என் இன்பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டேன், உனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று.

ஷோபனா